சிறு சொல், பெரும் பொருள்

ஆங்கிலத்தின் பெரிய சொற்களை மனனம் செய்துவிடும் நம் பிள்ளைகள், சின்னஞ்சிறு சொற்களில்தாம் இடறுகின்றனர்.

வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்த உறவினர் மகன், தம் கடிதத்தைப் பார்வையிடுமாறு என்னிடம் தந்தார். கிடங்குப் பணியில் ஓரளவு அனுபவம் உண்டு என்பதற்கு, 'லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதியிருந்தார். அனுபவம் இல்லை என்றே சொல்லலாம் என்பது அதன் பொருள்! முன்னே 'எ' என்னும் ஓரெழுத்தைச் சேர்த்தால்தான், ஓரளவு உண்டு என்றாகும். எண்ணத்தக்கவற்றுக்கு வரும் 'ஃபியூ', 'எ ஃபியூ' ஆகியவற்றுக்கும் இதே வேறுபாடுதான். கடிதத்தை மட்டுமே காணும் அலுவலர், இவரது உழைப்பை எவ்வாறு அறிவார்?

'மூன்றாண்டுகளாக' என்பதற்கு 'சின்ஸ்' இட்டிருந்தார். கால அளவுக்கு 'ஃபார்' வரவேண்டும். தொடங்கிய ஆண்டையோ நாளையோ குறித்தால் 'சின்ஸ்'.

தமிழில் 'இல்' என்னும் ஓர் உருபே ஊருக்கும், மேசைக்கும், வாயிலுக்கும் பொருந்துகிறது. ஆங்கிலமோ ஊருக்கு 'இன்', மேசைக்கு 'ஆன்', வாயிலுக்கு 'அட்' எனப் பிரிக்கிறது. நம் 'நிறைய' என்பதும் அங்கே இரண்டாகிறது: ஆட்களுக்கு 'மெனி', சர்க்கரைக்கு 'மச்'.

ஆகவே, இச்சொற்களைத் தனித்தனியே ஒப்புவிக்கச் செய்யாதீர்கள். 'இன் த மார்னிங்', 'ஆன் ஃபிரைடே', 'அட் நைட்' எனத் தொடராகவே நாள்தோறும் சொல்லிப் பழக்குங்கள். நாவில் பழகியது எழுதும்போது தானே வந்து நிற்கும்.