காங்கேயத்தில் ஒரு எண்ணெய்க் குளியல்

காங்கேயம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காளை மாடுதானே! எனக்கும் அப்படித்தான் இருந்தது, போன மாசியில் நாத்தனார் வீட்டில் நாலு நாள் தங்கும் வரை. இப்போது காங்கேயம் என்றாலே தேங்காயெண்ணெய் வாசனைதான் மூக்கில் நிற்கிறது.

பேரனுக்குச் சிவன்மலை முருகன் சந்நிதியில் முடியிறக்குவதாக வேண்டுதல். மகளையும் ஏழு மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ரயில் ஏறினேன். வழியெல்லாம் எனக்கும் மகளுக்கும் வாக்குவாதம்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதிலிருந்து அவளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மிச்சம் இருப்பதும் வறண்டு, துடைப்பம் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் வேறு ஒரே உப்பு. "எண்ணெய் வைடின்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? அதான் கொட்டுது" என்றேன். "ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம கிடக்கேன்மா. முடி கொட்டுறதுக்கும் நான்தான் காரணமா?" என்று கண் கலங்கிவிட்டாள். அப்புறம் திருப்பூர் வரும்வரை பேச்சே இல்லை.

திருப்பூரிலிருந்து பஸ். காங்கேயம் நெருங்க நெருங்க, சாலையோரக் களங்களில் வெள்ளை வெளேரென்று கொப்பரை காய்கிறது. ஆனால் சுற்றிலும் தோப்பு அப்படியொன்றும் அதிகமில்லை. "தேங்காய் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமிருந்தும் கேரளாவிலிருந்தும் வருதுங்க. இங்க மழை கம்மி. வெயிலும் வறண்ட காத்தும்தான் நம்ம ஊர்ச் சொத்து" என்று நாத்தனாரின் கணவர் விளக்கினார்.

மறுநாள் ஒரு களத்துக்குப் போனோம். உடைத்த தேங்காயை ஓட்டோடு இரண்டு நாள் காயவைத்தால் பருப்பு விட்டுக்கொடுக்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஓட்டிலிருந்து பருப்பை நெம்பி எடுக்கிறார்கள். அப்புறமும் சில நாள் காய வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்து எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமாம். நன்றாகக் காய்ந்த கொப்பரையில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் எண்ணெய்தான்! பக்கத்திலேயே செக்கு. புது எண்ணெய் கலங்கலாக வடிகிறது. கசடு அடியில் தங்க இரண்டு மூன்று நாள் விட்டு, தெளிந்ததை இறுத்து எடுக்கிறார்கள். புண்ணாக்கு மாட்டுக்கு.

நின்ற ஒரு மணி நேரத்தில் என் உதடே காய்ந்துவிட்டது. கொப்பரையைக் காய வைக்கிற காற்று தலைமுடியை மட்டும் சும்மா விடுமா? ஆனால் அங்கே வேலை செய்த பெண்களின் பின்னலைப் பார்க்க வேண்டுமே, பளபளவென்று!

வீட்டில் நாத்தனாரின் மாமியார், எண்பது வயது ஆத்தா, என் மகளைப் பார்த்தார். "ஏஞ்சாமி, தலை தென்னநாராட்ட கிடக்குது? புள்ளை பெத்தா முடி கொட்டத்தாஞ் செய்யும். திரும்ப வந்துரும், வெசனப்படாத. காஞ்சு கெடக்கறதுக்கு மட்டும் வைத்தியம் பண்ணலாம், வா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. டாக்டரம்மாவும் இதையேதான் மகளிடம் சொல்லியிருந்தாராம். கர்ப்ப காலத்தில் உதிராமல் நிற்கும் முடி, பிரசவமான இரண்டு முதல் நாலு மாதத்தில் மொத்தமாக உதிரும். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் சரியாகும். எண்ணெய் வைக்காததால் வந்ததும் இல்லை, எண்ணெய் வைத்து நிறுத்துவதும் இல்லை. நான்தான் காதில் வாங்கவில்லை.

வறட்சி விஷயம் வேறு. முடி தண்ணீரில் ஊறி உப்பும், காயும்போது சுருங்கும். இப்படியே நடந்து நடந்து சொரசொரப்பாகும். தேங்காயெண்ணெய் முடியின் உள்ளேயே இறங்கி, அது அளவுக்கு மீறி ஊறாமல் காக்கிறது. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியின் புரதம் வீணாவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதனால்தான் குளித்த பிறகு வைப்பதைவிட, குளிக்கும் முன்பே வைப்பது மேல்.

ஆத்தா செய்த விதம் இதுதான். இரண்டு ஸ்பூன் எண்ணெயைக் கிண்ணத்தில் விட்டு, சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தார். அடுப்பில் நேராகக் காய்ச்சவில்லை. வெதுவெதுப்பானதும் முடியைப் பாகம் பிரித்து, நடுவிலிருந்து நுனி வரை தடவினார். வறட்சி அதிகம் நுனியில்தானே! ஒரு மணி நேரம் கழித்து மிதமான ஷாம்பூ, இளஞ்சூடான தண்ணீர். துண்டால் அடித்து உதறாமல் ஒற்றி எடுத்து, அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்தார். வாரம் ஒன்றிரண்டு தடவை போதும்.

விளக்கெண்ணெய் பிசுபிசுப்பு. தனியாக அப்பினால் சிக்கு விழும், சில சொட்டு கலந்தால் போதும். பொடுகு இருந்தால் மண்டையில் எண்ணெய் வேண்டாம், நுனிக்கு மட்டும் தடவுங்கள். வாடை மாறிய எண்ணெயைத் தொடாதீர்கள். ஒரு வருஷம் தாண்டியும் கொட்டினால், வட்ட வட்டமாக உதிர்ந்தால், கூடவே அசதியும் இருந்தால், டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தசோகையோ தைராய்டோ இருக்கலாம்.

ஊருக்குத் திரும்பும்போது ஒரு லிட்டர் செக்கெண்ணெய் வாங்கிக்கொண்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானே மகளுக்கு எண்ணெய் வைத்துவிடுகிறேன். குழந்தை என் வீட்டுக்காரரிடம்! நாலு குளியலிலேயே நுனி மிருதுவாகிவிட்டது. உதிர்வது நிற்க நாளாகும், அது தானாக நிற்கட்டும். "கொட்டுதே"ன்னு சொல்றதை மட்டும் நான் அடியோடு நிறுத்திட்டேன்.