காத்து வாங்கின பம்ப்

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்க் கச்சான் வாங்காமல் வீடு திரும்புற ஆக்கள் குறைவு. கச்சான் தோட்டம் செய்யிற வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு அது பள்ளிக்கூடச் செலவும்தான். ஆனால் ஈரத்தோட குவிச்சு வைச்ச கச்சானில் பிடிக்கிற ஒரு பூஞ்சணம் அஃப்லரொக்சின் எண்ட நஞ்சை விடும். 1960இல் இங்கிலாந்தில் 100,000க்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான் உலகம் இதைக் கண்டுகொண்டது. அதுகளுக்குப் போட்ட தீவனத்தில் இருந்தது கச்சான் பிண்ணாக்கு. நேரடியாகச் சாப்பிடுற கச்சானில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடாது. கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாத அந்த அளவைப் பிடிக்கிற மெசின்களில் ஒண்டுதான் எச்.பி.எல்.சி.

கலைப்பீடத்துக்காரருக்கு இதில் என்ன வேலை எண்டு கேப்பீங்கள். விவசாயம் படிக்கிற எங்கட சிநேகிதி தன்ர ஆராய்ச்சிக்கு எங்கட ஊர்க் கச்சானை எடுத்தவள். வீடு வீடாகப் போய் மாதிரி சேகரிச்சது நாங்கள். எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தால் மெசின் படுத்திட்டுது. பம்பின் அழுத்தம் ஒரு இடத்தில் நிக்குதில்லை. அவளுக்கு ஒப்படைக்க இருந்தது மூண்டு கிழமை.

ஆய்வுகூடத்து அண்ணா பம்பைக் கழட்டிக் காட்டினபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அது எங்கட தோட்டத்து வாட்டர் பம்ப்தான்! கிணத்துக்குள்ள புட்வால்வு செய்யிற வேலையை இங்க ஒரு மாணிக்கக் குண்டு செய்யுது. (இரத்தினபுரியில் தோண்டினதில்லை, செயற்கையாகச் செய்தது.) தண்ணி ஊத்திக் காத்தெடுக்கிற மாதிரி இதுக்கும் முதலில் காத்தெடுக்க வேணும். உள்ள ஒரு குமிழி நிண்டாலே அழுத்தம் ஆடும். மோட்டார்சைக்கிள் ரயருக்கு நாங்கள் அடிக்கிறது 2 பார் அளவு. இது 200, 300 பாரில் தள்ளும்.

காத்தெடுத்தும் சரிவரேல்லை. அண்ணா வெளிவாசலை அடைச்சு, பம்பை மெதுவாக ஓடவிட்டு, 200 பார் வந்ததும் நிப்பாட்டினார். எல்லாரும் இலக்கத்தையே பார்த்துக்கொண்டு நிண்டம். ஒழுக்கு இல்லாட்டி அது மெல்லத்தான் இறங்கும். இது விறுவிறெண்டு விழுந்தது. பிஸ்டன் சீல் போயிட்டுது. பிஸ்டனில் வெள்ளையாக உப்பு ஒட்டிக்கிடந்தது. முன்னம் ஆரோ பொஸ்பேற் கரைசலை ஓட்டிப்போட்டுக் கழுவாமல் நிப்பாட்டியிருக்கினம். காய்ஞ்ச உப்பு சீலை அரம் மாதிரி அராவும். கழுவுறதெண்டாலும் முதலில் தண்ணி, பிறகுதான் மெதனோல். மாறி விட்டால் உப்பு உள்ளுக்கே படிஞ்சிடும்.

எங்களுக்குக் கோபம் வந்தது வேற இடத்தில். மெசின் வாங்கக் காசு வரும், நாடா வெட்ட ஆக்கள் வருவினம். விரல் நுனியளவு சீலுக்கு ஒதுக்கீடு இல்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டின ஊர் இது, திருத்துற கைக்கு இங்க பஞ்சமில்லை. எண்டாலும் சைக்கிள் ரியூப்பில் வெட்டிப்போட்டால் அந்த அழுத்தத்தில் நிக்குமே?

காசு சேர்த்துக் கொழும்பில் வாங்கி, இரவு பஸ்ஸில் எங்களில் ஒராள் கொண்டுவந்தது. அண்ணா புதுச் சீலைப் போட்டு, வால்வைக் கழுவி, திரும்ப 200இல் நிப்பாட்டினார். பத்து நிமிசத்தில் இலக்கம் கொஞ்சமாகத்தான் அசைஞ்சது. அண்டைக்குப் பின்னேரமே அவள் முதல் மாதிரியை ஏத்தினாள். மழையில் நனைஞ்சு திரும்பக் காயவைச்ச மூட்டையில் எடுத்தது அது. மறுமொழி வரமுதலே அந்த வீட்டு ஐயா ரெண்டு தரம் போன் எடுத்திட்டார், விக்கலாமோ எண்டு கேட்டு.