எல்லை கடக்கும் மருந்துச் சீட்டு



செம்பரம்பாக்கத்தில் வசிக்கும் எங்களுக்கு, சென்னை – வேலூர் நெடுஞ்சாலை பல தேசத்தாரை அறிமுகப்படுத்தியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வரும் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்கள் ஒருபுறம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடிச் செல்லும் வங்காளதேச நோயாளிகள் மறுபுறம். 1900ஆம் ஆண்டில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சையகமே இன்று அத்தனை பெரிய மருத்துவமனையாக வளர்ந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், அங்கே சென்றுகொண்டிருந்த வங்காளதேசப் பெரியவர் ஒருவருக்கு எங்கள் ஊரருகே தலைசுற்றல் கண்டது. கொண்டுவந்த மாத்திரை தீர்ந்து இரண்டு நாட்களாகியிருந்தன. அவருடைய மனைவி வெற்று மாத்திரை அட்டையை நீட்டினார். மருந்துக் கடைக்காரரோ, அப்பெயரில் மருந்தே இல்லை என்றார். அந்த அம்மையாருக்கு வங்காளத்தைத் தவிர வேறு மொழி தெரியாது. நல்லவேளையாக, மேற்கு வங்காளத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் அருகில் நின்றார். அவர் விசாரித்துச் சொல்ல, அட்டையின் ஓரத்தில் சிற்றெழுத்தில் இருந்த ‘அம்லோடிபின்’ என்ற சொல் கண்ணில் பட்டது. இரத்த அழுத்தத்திற்கான அம்மருந்து இங்கே எல்லாக் கடைகளிலும் உண்டு! அருகிலிருந்த மருத்துவர் பரிசோதித்து எழுதித் தந்தார்.

இதில் நமக்கும் பாடம் உண்டல்லவா? நிறுவனம் சூட்டும் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். வளைகுடாவில் ‘பனடால்’, இங்கே ‘குரோசின்’, வங்காளதேசத்தில் ‘நாபா’. மூன்றும் பாராசிட்டமாலே! பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாய்மார்களே, மருந்தின் பொதுப்பெயர், அளவு, ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மருத்துவர் சீட்டுடன் பெட்டியில் வையுங்கள். டிரமடால், கோடீன் போன்றவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதியின்றிக் கொண்டு செல்வது பெரும் சிக்கலில் முடியும்.

சிகிச்சைக்காக இந்தியா வரும் அந்நியருக்கு அளிக்கப்படும் மருத்துவ விசாவில், உடன் வருவோர் இருவர் வரை அனுமதி பெறலாம். அவ்விருவரும் மொழி அறியாதவர்களாயின், நோயாளியின் வாய் பூட்டப்பட்டதற்கு ஒப்பாகும். நோயாளியை நலம் விசாரிப்பதை நற்செயலாகப் போற்றும் நாம், அத்தகையோரைச் சாலையிலோ பள்ளிவாசலிலோ காணும்போது, அவர் மொழி தெரிந்த ஒருவரைத் தேடி அழைத்து வருவோம். நம் பிள்ளைகளும் எங்கோ ஓர் அந்நிய மண்ணில்தானே இருக்கிறார்கள்!