வோல்காவும் ஓர் ஊசியும்

டைனோசர்கள் உலவிய காலத்திலேயே ஸ்டர்ஜன் மீன் இருந்தது. செதில்களுக்குப் பதிலாக ஐந்து வரிசை எலும்புத் தட்டுகள், நீண்ட மூக்கு, அதன் கீழே நான்கு மீசை இழைகள். காஸ்பியன் கடலில் வளர்ந்து, முட்டையிட வோல்கா ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும். 1961-இல் வோல்கோகிராட் அணை முழுமை பெற்றபோது, பெலுகா ஸ்டர்ஜன் முட்டையிடும் இடங்களில் பெரும்பகுதி அணைக்கு அப்பால் போயிற்று.

ஆறேறுவது வெறும் பயணமன்று. நீரின் வெப்பம், விசை, அடியிலுள்ள கூழாங்கல் எல்லாம் சேர்ந்துதான் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகின்றன. அந்தச் சுரப்பி இசைந்தால்தான் சினை முதிரும். இல்லையேல் உடலே சினையை மெல்ல உறிஞ்சிக்கொண்டுவிடும். 1930-களில் லெனின்கிராடின் கெர்பில்ஸ்கி இதற்கொரு வழி கண்டார்: இறந்த மீனின் பிட்யூட்டரியை எடுத்துப் பதப்படுத்தி, சினைமீனுக்கு ஊசியாகச் செலுத்துவது. ஆறு சொல்லவேண்டியதை ஊசி சொல்லிவிடுகிறது. ஹிராலால் சௌத்ரி ஒடிசாவில் 1957 ஜூலை 10 அன்று கெண்டை மீன்களை முட்டையிடச் செய்ததும் இதே பிட்யூட்டரி முறையால்தான். நம் சந்தைக்கு வரும் ரோகுவுக்கும் கட்லாவுக்கும் பின்னே அந்த ஊசி இருக்கிறது.

ஸ்டர்ஜன் பண்ணையில் நடப்பதைக் காணொளியில் மீண்டும் மீண்டும் பார்த்தேன். வெளித்தோற்றத்தில் ஆண், பெண் தெரியாது; ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துக் கண்டறிகிறார்கள். சில முட்டைகளை ஊசிக்குழலால் எடுத்து, வேகவைத்து, பிளேடால் இரண்டாக அரிந்து, உட்கரு ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நகர்ந்திருந்தால் ஊசி போடலாம். முன்பு முட்டைக்காகத் தாயைக் கொன்றார்கள். 1980-களில் பொதுஷ்கா என்ற ரஷ்யர், சினைக்குழாயில் சிறு கீறலிட்டு உயிரோடு முட்டையைப் பிழிந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஸ்டர்ஜன் முட்டையில் விந்தணு நுழையப் பல துளைகள் உண்டு. ஆகவே ஒரு பங்கு விந்தை ஏறத்தாழ இருநூறு பங்கு நீரில் கலக்குகிறார்கள். பிறகு பிசுபிசுப்பு நீங்க, சேற்று நீரில் இட்டுக் கையால் துழாவுகிறார்கள். இத்தனை நுட்பத்துக்கும் நடுவே அந்தச் சேறு எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆற்றிலிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான்.

என்னை உறுத்துவது வேறொன்று. உண்ணத் தகுந்த கேவியருக்கு முட்டை முழுதாக முதிரக் கூடாது, முதிர்ந்தால் குழைந்துவிடும். குஞ்சுக்கோ முதிர்ந்தாக வேண்டும். ஒரே பண்ணை ஒரு மீனைத் தாயாக்குகிறது. மற்றொன்றைத் தாயாகச் சற்று முன்னால் நிறுத்திக் கொல்கிறது. இலக்கணத்தில் உறுப்புக்கும் சினை என்றே பெயர். முதல் இன்றிச் சினை மட்டும் டப்பியில் அடைபட்டு விலைபோகிறது என்று என் மாணவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆயினும் பண்ணைகளைப் பழிக்க மனம் வரவில்லை. 2022-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் எஞ்சிய ஸ்டர்ஜன் இனங்கள் அனைத்தையுமே அழியும் ஆபத்திலுள்ளவையாக அறிவித்தது; யாங்சி ஸ்டர்ஜன் இயற்கையில் அற்றுப்போய், வளர்ப்புத் தொட்டிகளில் மட்டும் பிழைத்திருப்பதாகவும் சொன்னது. தொட்டி இல்லாதிருந்தால் அதுவும் இல்லை. உண்பதற்கான வேட்கையே அழித்தது. வளர்க்கும் பணத்தையும் பெரிதும் அதே வேட்கைதான் தருகிறது.

குஞ்சு பொரிப்பகங்கள் காஸ்பியனுக்கென வளர்த்து விடும் குஞ்சுகள் முதிர்வதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். பெலுகாவுக்கு அதற்கும் மேல். அதன்பின் அவை வோல்காவில் ஏறிவரும். அணை அங்கேதான் நிற்கிறது.