வோக்ஸ்ரஸ்ட் எல்லை

தென்னாப்பிரிக்கா செல்லும் இந்தியர் புறப்படுமுன்பே அனுமதி பெறவேண்டும். பிரயாணம் முடிந்த பின்னும் 30 நாட்களாவது பாஸ்போர்ட் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும். மஞ்சள் காய்ச்சலுள்ள நாடுகளின் வழியே வந்தால் தடுப்பூசிச் சான்றும் அவசியம். வந்த விருந்தினரை விசாரிப்பது எந்த வீட்டாருக்கும் உரியதே. ஆதலின் நாம் மனத்தாங்கல் கொள்ள நியாயமில்லை.

உள்ளே சென்றபின், சார்லஸ்டவுனிலிருந்து வோக்ஸ்ரஸ்டுக்குப் போகும் நம்மை ஒருவரும் தடுப்பதில்லை. முன்னாளிலோ, நேட்டாலையும் டிரான்ஸ்வாலையும் பிரித்த இவ்வெல்லையில், அந்நாட்டிலேயே குடியிருந்த இந்தியரிடமும் 'பெர்மிட்' கேட்டார்கள். 1913 நவம்பர் 6-ல் காந்தியடிகள் 2,037 ஆடவர், 127 பெண்டிர், 57 குழந்தைகளுடன் பெர்மிட் இன்றியே இதனைக் கடந்தார். அப்போராட்டத்தில் சிறை புகுந்த தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்தாள்.

இன்று தடையின்றிச் செல்லும் நாம், அவ்விடத்தில் சற்றே நின்று செல்வோமாக.