அட்டைக்குப் பயந்து உண்ணியை மறவாதீர்கள்



பெங்களூரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு, விடுமுறை என்றதும் நினைவுக்கு வரும் திசைகளில் ஒன்று மலைநாடு. கன்னட ஜனங்கள் மலெநாடு என்றழைக்கும் இப்பகுதிக்கு, இரவு ரயிலில் ஏறிப் படுத்தால் விடியுமுன்னே ஷிமோகா (இன்றைய சிவமொக்கா) வந்துவிடும். இறங்காமல் இன்னும் சற்று உறங்கினால், ஜோக் அருவிக்குச் சமீபமான தாளகுப்பாவில் கண்விழிக்கலாம். இரும்பாலையை நம்பிப் பல தலைமுறைகளுக்கு முன்னே குடியேறிய தமிழர்களின் பத்ராவதியும் இந்த வழியில்தான் இருக்கிறது. உறவினர் வீட்டுக்கென்று அங்கே போகிறவர்களும் ஒருநாள் ஒதுக்கி, ஜோக்கையோ ஆகும்பேயையோ பார்த்துவிட்டே திரும்புகிறார்கள்.

பார்க்கத் தகுந்த தேசம்தான். ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என நான்கு பிரிவுகளாய், 253 மீட்டர் உயரத்திலிருந்து சராவதி நதி விழுகிற காட்சியை எழுத்தில் வடிப்பது கடினம். தீர்த்தஹள்ளி தாலுகாவிலுள்ள ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேலாக மழை பெய்கிறது. ஆர்.கே. நாராயணனின் கதைகளைத் தழுவிய ‘மால்குடி டேஸ்’ தொலைக்காட்சித் தொடருக்காக சங்கர் நாக் தெரிந்துகொண்ட ஊரும் அதுவே. பாக்குத் தோட்டங்கள், ஓட்டு வீடுகள், அவற்றை அணைத்தாற்போல் நிற்கும் காடு. அந்தக் காட்டில் நம்மைக் கடிக்கக் காத்திருப்பவற்றைக் குறித்தே இம்மாதம் எழுத விரும்புகிறேன்.

மலைநாடு என்றதும் முன்னே போய்வந்தவர்கள் சொல்லும் முதல் எச்சரிப்பு அட்டை. ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழை நின்று பெய்யும் மாதங்களில், பாதையோரத்து ஈர இலைகளில் அது நிமிர்ந்து நின்று நம் காலடி அதிர்வையும் மூச்சையும் வெப்பத்தையும் உணர்ந்து நெளிந்து வரும். நீதிமொழிகளின் முப்பதாம் அதிகாரத்தில் அட்டையின் இரண்டு குமாரத்திகளைக் குறித்து வாசித்திருப்பவர்கள், ஆகும்பேயில் ஒரு மணி நேரம் நடந்தால் அந்த உவமையின் பொருளைக் கண்ணாரக் காண்பார்கள். ஆனாலும், கேளுங்கள்: அட்டை அருவருப்பூட்டுமே தவிர, பெரும்பாலும் ஆபத்தானதல்ல. அது பூச்சியினத்தைச் சேர்ந்ததுமல்ல, மண்புழுவின் உறவு. இரத்தம் உறையாதிருக்க ஹிருடின் என்னும் ஒரு பொருளைக் கடிவாயில் செலுத்துவதால், அது விழுந்த பின்னும் சிலமணி நேரம் இரத்தம் கசியும். வெள்ளைக் காலுறையில் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பிள்ளைகள் அலறுவார்கள். இழந்த இரத்தமோ சொற்பம்.

அட்டை கடித்துக்கொண்டிருக்கையில் உப்பைக் கொட்டுவதும், தீக்குச்சியால் சுடுவதும் நம்மவர்களின் வழக்கம். அப்படிச் செய்யும்போது அது தன் வயிற்றிலுள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடலாம் என்பதால், மருத்துவர்கள் அதை விரும்புவதில்லை. அதன் மெல்லிய முனையே வாய். அந்த முனையினருகே தோலை ஒட்டி விரல்நகத்தை நுழைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். பிடி விட்டதும் பருத்த முனையையும் அப்படியே நகர்த்தி எறியுங்கள். பின்பு சோப்பும் நீரும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் சற்றுநேரம் அழுத்திக் கட்டிவிட்டால் போதும். நெருக்கமாய் நெய்த, முழங்கால் வரை ஏறும் அட்டைக் காலுறைகளைக் காற்சட்டையின் மேல் இழுத்துக் கட்டுவது எல்லாவற்றிலும் நல்ல பாதுகாப்பு.

அட்டையைப் பற்றி இவ்வளவு சொன்னது, அதைவிடப் பயப்படவேண்டிய ஒன்றுக்கு உங்களைக் கொண்டுசெல்வதற்காகவே. மழை ஓய்ந்து, நவம்பரில் காடு காயத் தொடங்கியதும் அட்டைகள் மறைந்துபோகின்றன. “இப்போது அட்டை இல்லை, தைரியமாய்ப் போகலாம்” என்று கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் கோடை விடுமுறைக்கும் குடும்பம் குடும்பமாய்ப் புறப்படுகிறோம். கால்களில் செருப்பு மாத்திரம். மர நிழலில் சருகுகளின்மேல் விரிப்பை விரித்துக் கட்டுச்சோற்றைப் பிரிக்கிறோம். பிள்ளைகள் சருகில் புரண்டு விளையாடுகிறார்கள். அந்த நவம்பர் முதல் மே வரையிலான மாதங்களே உண்ணிகளின் காலம்.

1957ஆம் ஆண்டு, ஷிமோகா மாவட்டத்து சொரப தாலுகாவிலுள்ள கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. சுற்றிலுமுள்ள கிராமத்து ஜனங்களும் கடுங்காய்ச்சலில் விழுந்தார்கள். புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் ஆராய்ந்து, முன்னே அறியப்படாத ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சுமந்து திரிவது காட்டு உண்ணி என்பதும் தெரியவந்தது. உலக மருத்துவ நூல்களில் அந்நோய்க்குக் கியாசனூர் காட்டு நோய் என்றே பெயர். ஊர் ஜனங்கள் சொல்வது ‘மங்கன காயிலெ’, அதாவது குரங்கு நோய். பின்னாளில் அது கர்நாடகத்தின் எல்லையைத் தாண்டி வயநாடு முதலிய இடங்களிலும் காணப்பட்டது. 2018ஆம் ஆண்டின் இறுதியிலும் 2019இலும் ஜோக் அருவிக்கு அருகே, சாகர தாலுகாவின் அரளகோடு பகுதியில் அநேகர் காய்ச்சலில் விழுந்தார்கள், சிலர் மரித்தார்கள். அருவியைப் பார்க்க வண்டிகளில் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஊரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்போம்?

இந்நோய் யாரை அதிகமாய்த் தாக்குகிறது என்பதையும் உள்ளபடி சொல்லவேண்டும். விறகுக்கும், மாட்டுத் தொழுவத்தில் பரப்பும் சருகுக்கும் நாள்தோறும் காட்டுக்குள் செல்லும் கிராமத்தாரையும், வனத்துறை ஊழியரையுமே அது மிகுதியாய்ப் பிடிக்கிறது. ஓரிரு நாள் வந்துபோகும் நமக்கு ஆபத்து குறைவு. நமக்கு வழிகாட்டுகிற இளைஞனும், தங்குமிடத்தில் நமக்குச் சோறு பொங்குகிற அம்மாவுமே வருஷந்தோறும் அந்த ஆபத்தோடு வாழ்கிறவர்கள். அந்தப் பாதையில் போகவேண்டாம் என்று அவர்கள் தடுத்தால், “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று வழக்காடாதிருங்கள். செத்த குரங்கு கிடக்கும் இடத்தை அவர்கள் தீயைப்போல விலகிப் போவதற்குக் காரணம் உண்டு. உயிர் போன குரங்கின் உடலைவிட்டு உண்ணிகள் இறங்கி, வேறொரு உடலைத் தேடி அங்கேயே காத்திருக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் அருகே போகாமல், படம் பிடிக்காமல், வனத்துறையினருக்கோ சுகாதார ஊழியருக்கோ தெரியப்படுத்துங்கள்.

உண்ணி பறப்பதில்லை, தாவுவதுமில்லை. புல்லின் நுனியிலோ சருகின் விளிம்பிலோ முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருந்து, உரசிச் செல்லும் ஆடையையோ தோலையோ பற்றிக்கொள்கிறது. நம் மூச்சையும் வெப்பத்தையும் அறியும் உறுப்பு அந்த முன்னங்கால்களிலேயே அமைந்திருக்கிறது. நாயின் காதில் திராட்சைபோல் உப்பித் தொங்குகிறதே, அதையே உண்ணி என்று நாம் அறிந்திருக்கிறோம். மனிதரைக் கடித்து இந்நோயைத் தருவதோ பெரும்பாலும் அதன் இளம் பருவம். எள்ளைவிடச் சிறியது. கடிக்கும்போது வலிப்பதுமில்லை. அட்டையைப் பார்த்ததும் அலறுகிறோம். இதை உடம்பில் சுமந்துகொண்டே பெங்களூர் வரை வந்துவிடக்கூடும்.

ஆகவே இந்த மாதங்களில் காட்டுக்குள் காலெடுத்து வைப்பவர்கள், வெயிலாயிருந்தாலும் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்து, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அழகாயிராது, பரவாயில்லை. வெளிர்நிறத் துணியில் ஊர்வது கண்ணுக்குத் தெரியும். சகோதரிகள் சேலையைவிடச் சுடிதார் அணிவது நல்லது. பாதையின் நடுவில் நடவுங்கள். சாப்பிட உட்காருவதற்குப் பாறையையோ சிமெண்டுத் திண்ணையையோ தேடுங்கள். சருகின்மேல் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். பாதிக்கப்பட்ட கிராமங்களில் சுகாதாரத் துறையினர் டெபா எண்ணெயைக் கொடுத்து, காட்டுக்குப் போகுமுன் கைகால்களில் பூசச் சொல்கிறார்கள். நம் நாட்டுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூச்சி விரட்டி அது. நீங்கள் நகரத்தில் வாங்குவதானால், டீட் என்னும் மருந்து 20 முதல் 30 சதவீதம் கலந்ததைக் கேட்டு வாங்கலாம். அது கொசுவுக்கும் உண்ணிக்கும் உதவும். வெயில் காப்புக் களிம்பு பூசுகிறவர்கள் அதை முதலாவது பூசி, அதன்மேல் இதைப் பூசவேண்டும். குழந்தைகளின் உள்ளங்கைகளிலும் கண்களின் அருகேயும் பூசாதீர்கள், கை வாய்க்குப் போய்விடும். இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு எந்த விரட்டியும் ஆகாது, வலை போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அறைக்குத் திரும்பியதும் செய்யவேண்டியது. தேநீருக்கு உட்காருமுன் உடைகளைக் கழற்றித் தனியே ஒரு பையில் கட்டிவையுங்கள், வெந்நீரில் துவைக்கலாம். சோப்புப் போட்டுக் குளியுங்கள். அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம், இடுப்பில் நாடா இறுகும் இடம், காதுகளின் பின்னே, தலைமுடியின் வேர் ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். பிள்ளைகளைத் தாய்மார் பார்க்கவேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால், நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். வயிற்றைப் பிதுக்கலாகாது. மண்ணெண்ணெய், நகப்பூச்சு, எரியும் ஊதுவத்தி இவையொன்றும் வேண்டாம். இம்சிக்கப்பட்ட உண்ணி தன் உமிழ்நீரை இன்னும் அதிகமாய் உள்ளே இறக்கக்கூடும். வாயின் துணுக்கு தோலில் தங்கிவிட்டால் ஊசியால் கிளறவேண்டாம், தோல் அதைத் தானே வெளித்தள்ளும்.

கொசுவைப் பற்றி நகரவாசிகளாகிய உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. மலேரியாவின் இரகசியத்தை 1897இல் செகந்தராபாத்தில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ், அதற்குப் பல வருஷங்களுக்கு முன்னே, 1883இல், நம் பெங்களூரில் இராணுவ மருத்துவராயிருந்தபோதே, தம் ஜன்னலோரத்துத் தொட்டித் தண்ணீரில் கொசு பெருகுவதைக் கண்டு அதைக் கவிழ்த்துக் கொட்டினாராம். மலைநாட்டு விடுதியிலும் குளியலறை வாளியையும் ஜன்னலோரத் தொட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டெங்குவைத் தரும் கொசு பகலில் கடிப்பது என்பதை மாத்திரம் நினைவில் வையுங்கள்.

இனி, கடித்தபின் அரிப்புக்கு என்ன செய்வது? கடித்த இடத்தில் நம் சரீரமே ஹிஸ்டமின் என்னும் பொருளைச் சுரப்பதாலேயே அரிப்பும் தடிப்பும் உண்டாகின்றன. சொறியச் சொறிய அது பெருகும். நகத்தின் அழுக்கு உள்ளே போய்ச் சீழும் பிடிக்கும். பிரயாணத்துக்கு முந்தின நாள் பிள்ளைகளின் நகங்களை வெட்டிவிடுவது எந்தக் களிம்புக்கும் குறைந்ததல்ல. கடித்த இடத்தைச் சோப்பால் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் வைத்தால் பாதி அரிப்பு அடங்கும். பின்பு கலமைன் லோஷன் தடவலாம். மிகுதியாய்த் தடித்திருந்தால் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை ஓரிரு நாள் மெல்லியதாய்ப் பூசலாம். இரவில் தூக்கம் கெட்டால் செட்ரிசின் மாத்திரை உதவும். ஆனால் ஒவ்வாமை மாத்திரைகள் தூக்கம் வருவிக்கக் கூடியவையாதலால், மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிறவர் அவற்றை விழுங்கலாகாது. நம் பாட்டிமார் வைத்த சுண்ணாம்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது தோலை வெந்துபோகச் செய்யும். முகமோ உதடோ வீங்கி மூச்சுத் திணறினால் களிம்பைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

காய்ச்சல் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. குரங்கு நோய் உண்ணி கடித்து மூன்று முதல் எட்டு நாட்களில் திடீரென்று கடுங்காய்ச்சலாய், தாங்கமுடியாத தலைவலியும் உடல்வலியுமாய் வெளிப்படும். வாந்தியும், சிலருக்கு இரத்தக்கசிவும் தொடரும். பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள், நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர் மரிக்கிறார்கள். முன்பு போடப்பட்ட தடுப்பூசி போதிய பலன் தராததால் 2022இல் நிறுத்தப்பட்டது. அதற்கென்று தனி மருந்து இல்லை. நேரத்தோடு படுக்கையில் சேர்த்து நீர்ச்சத்தையும் இரத்தத்தையும் கவனித்துக்கொள்வதே சிகிச்சை. ஸ்க்ரப் டைபஸ் என்னும் வேறொரு காய்ச்சலும் உண்டு. புதர்களில் வாழும் கண்ணுக்கெட்டாத ஒரு சிறுபூச்சியால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு தோன்றும். அதற்கு டாக்சிசைக்ளின் என்ற நல்ல மருந்து இருக்கிறது, ஆனால் அந்தப் பொருக்கை யாராவது பார்க்கவேண்டும். அது பெரும்பாலும் உடைக்குள் மறைந்திருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாகரத்திலோ தீர்த்தஹள்ளியிலோ காய்ச்சலோடு போனால், காட்டுக்குப் போனீர்களா என்று மருத்துவர் தாமே கேட்பார். நீங்களோ அதற்குள் பெங்களூருக்குத் திரும்பி, வேலைக்கும் பள்ளிக்கும் போகத் தொடங்கியிருப்பீர்கள். உங்கள் தெருமுனையிலுள்ள மருத்துவர் டெங்குவை நினைத்து அதற்கே சோதிப்பார், அவர்மேல் குற்றமில்லை. ஆகவே பிரயாணம் முடிந்து மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், ஆஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரைகளைத் தாங்களாகவே வாங்கி விழுங்காமல் (அவை இரத்தக்கசிவை அதிகரிக்கும்; பாராசிட்டமால் மாத்திரம் போதும்), உடனே மருத்துவரிடம் போய், நீங்கள் கேட்கப்படுமுன்னே சொல்லுங்கள்: இன்ன தேதியில் ஷிமோகா மாவட்டத்துக் காட்டில் நடந்தேன், உண்ணி கடித்திருக்கலாம் என்று. இரத்த மாதிரியைச் சோதிக்க சிவமொக்காவில் இந்நோய்க்கென்றே ஓர் ஆய்வகமும், புனேயில் தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. எங்கே அனுப்புவது என்று மருத்துவருக்குத் தெரியும். போன இடத்தின் பெயரையும் தேதியையும் ரயில் டிக்கெட்டின் பின்புறத்திலாவது எழுதி வைத்திருங்கள்.