தாளில் ஏறாத வீரம்

ஹென்றி ஜான்ஸன் என்னும் கறுப்பின அமெரிக்கச் சிப்பாயின் வரலாற்றைப் படித்தபோது, என் மனம் போர்க்களத்தில் நிற்கவில்லை. எங்கோ ஓர் எழுத்தரின் மேசையருகே போய் நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகளாகப் பள்ளிப் பதிவேடுகளோடு பழகியவனின் இயல்பு அது போலும். நம் ஊர்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்திலேயே பிறந்திருப்பதன் இரகசியம் ஆசிரியர்களுக்குத் தெரியும். எழுதியது எழுதியதுதான், பெற்ற தாயே வந்து சொன்னாலும் பிறகு செல்லாது.

1918 மே மாதத்தில் ஓர் இரவு. பிரான்சு நாட்டின் ஆர்கோன் காட்டுப் பகுதியில் ஜான்ஸனும் நீடம் ராபர்ட்ஸ் என்னும் தோழரும் காவல் நின்றனர். அவர்களுடைய 369ஆம் காலாட்படை கறுப்பினத்தவரின் படை. அமெரிக்கத் தளபதிகள் அதனைத் தம் வெள்ளையர் அணிகளோடு சேர்த்துப் போரிட வைக்க மனமின்றிப் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்திருந்தனர். இருளில் ஜெர்மானியர் ஒரு கூட்டமாக வந்து தாக்கினர். ராபர்ட்ஸ் படுகாயமுற்று வீழ்ந்தார். துப்பாக்கி பழுதுபடவே, ஜான்ஸன் அதன் கட்டையால் அடித்தார். அதுவும் பயன்படாதபோது கனத்த வெட்டுக்கத்தி ஒன்றை உருவிக்கொண்டு பாய்ந்தார். பகைவர் இழுத்துச் செல்ல முயன்ற தோழரை மீட்டார். அவருடைய உடலில் 21 காயங்கள்.

பிரான்சு தன் போர்ச்சிலுவை விருதை அவருக்கு அணிவித்தது. அவருடைய தாயகமோ, அவர் உயிரோடிருந்த காலத்தில் ஒரு பதக்கமும் தரவில்லை. படையிலிருந்து விடுவித்தபோது தந்த சான்றில் காயங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்கின்றனர். நியூயார்க்கு வீதிகளில் ஊர்வலமாக வரவேற்கப்பட்ட அந்த வீரர், 1929இல் வறுமையில் மறைந்தார்.

1996இல் காயமுற்றோருக்குரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் வந்தது. அந்நாட்டின் தலையாய விருதாகிய மெடல் ஆஃப் ஹானரை 2015 ஜூன் 2ஆம் நாள் அதிபர் ஒபாமா வழங்கினார். இடைப்பட்ட காலமெல்லாம், அவர் வாழ்ந்த ஆல்பனி நகரத்து முன்னாள் படைவீரர்கள் சிலர் விடாது அலைந்தனர். செனட்டர் ஒருவரின் அலுவலகத்தார் பழைய ஆவணங்களைத் துருவியபோது, சண்டை நடந்த சில நாட்களுக்குள்ளேயே தளபதி பெர்ஷிங் அனுப்பிய செய்திக் குறிப்பு கிட்டியது. அது கிட்டிய பின்னும் விருதுக்குரிய காலவரம்பு கடந்துவிட்டது என்ற தடை நின்றது. அதை விலக்க 2014 டிசம்பரில் நாடாளுமன்றமே சட்டம் செய்ய வேண்டியதாயிற்று.

இதில் என் நெஞ்சைத் தைத்த செய்தி வேறொன்று. ஜான்ஸனின் மகன் என்று நம்பப்பட்டவரும் அவர் குடும்பத்தாரும் இதற்காகப் பல்லாண்டுகள் வாதாடியிருந்தனர். விருதுக்கு முன் வமிச ஆவணங்களை ஆராய்ந்த இராணுவம், இரத்த உறவு இல்லை என்று கண்டது. ஆகவே பதக்கத்தை நியூயார்க்கு தேசியக் காவற்படையின் ஓர் அதிகாரி பெற்றுக்கொண்டார். பாட்டனாரின் பெருமையை மீட்டுத் தந்த அதே காகிதங்கள், பாட்டனாரை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டன. இதற்கு யாரை நோவது?

1946க்கு முன் அந்நாட்டில் ஒரு சிப்பாயின் பதிவேட்டைத் திருத்த வேண்டுமானால், அவர் ஒருவருக்காக நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற வேண்டும். அவ்வாண்டுச் சட்டம் அந்தச் சுமையை இறக்கி, சிவிலியர்கள் அமர்ந்து விசாரிக்கும் திருத்த வாரியங்களுக்கு வழிசெய்தது. பிழையைத் திருத்தவோ அநீதியைக் களையவோ தேவையெனில் பதிவேட்டைத் திருத்தலாம் என்பது விதி. பிழை, அநீதி என்று இரண்டையும் தனித்தனியே சொல்லியிருப்பது என்னைக் கவர்ந்தது. அரபி படித்தவர்க்கு இந்த வேறுபாடு பழக்கமானது. 'கதஃ' என்பது குறி தவறுதல். அதில் உள்நோக்கம் இல்லை. 'ளுல்ம்' என்பதற்கு அகராதியாளர் தரும் பொருள், ஒன்றை அதற்குரியதல்லாத இடத்தில் வைத்தல். ஜான்ஸனுக்கு நேர்ந்தது இவற்றுள் எது என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் வாரியம் தானாக எதையும் தேடிப் போவதில்லை. அலுவலகம் செய்தது முறையானதே என்ற அனுமானத்தில் அது தொடங்குகிறது. அன்று என்று நிறுவும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. பிழையை அறிந்த 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீதியின் பொருட்டு வாரியம் தாமதத்தைப் பொறுத்தருளலாம். சான்றுகளே சாம்பலாகிப் போனவர்களின் கதி இன்னும் பரிதாபம். 1973 ஜூலை 12ஆம் நாள் செயிண்ட் லூயி நகரத்து ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் 1 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டோரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போயின. அவற்றுக்கு நகல் கிடையாது.

அந்நாட்டில் குடியேறிய என் பழைய மாணவர் ஒருவர் தம் அண்டை வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுதியிருந்தார். வியட்நாம் போரில் காலாட்படையில் இருந்தவர். நேரடித் தரைப்போரில் பங்குகொண்டோருக்குரிய காலாட்படைச் சின்னம் அவருடைய விடுவிப்புச் சான்றில் ஏறவில்லை. "ஹஜ்ரத், விண்ணப்பத்தை எழுதித் தருவது நான்தான். ஆனால் சாட்சி ஒருவர் வேண்டும். உடனிருந்தவர்களில் உயிரோடிருப்பவர் ஒருவரே. அவரோடு இவர் ஐம்பது ஆண்டுகளாகப் பேசுவதில்லை. காரணம் கேட்டால் சொல்ல மறுக்கிறார்" என்று கடிதத்தில் கண்டிருந்தது.

சின்னம் இல்லாவிட்டால் என்ன, ஓய்வூதியம் குறையப் போகிறதா என்று கேட்டு எழுதினேன். இல்லையாம். "நான் அங்கே இருந்தேன் என்று அவர்கள் எழுத வேண்டும்" என்பது மட்டுமே பெரியவரின் விடையாம்.

அடுத்த கடிதம் வர நான்கு மாதங்கள் ஆயின. பெரியவர் தொலைபேசியை எடுத்து அந்த ஒருவரை அழைத்திருக்கிறார். முதலில் இருவருமே பேசவில்லையாம். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கின்றனர். என் மாணவர் எழுந்து வெளியே போய்விட்டார். பத்து நாட்களில் கையொப்பமிட்ட சாட்சியம் அஞ்சலில் வந்து சேர்ந்தது. விண்ணப்பம் போய் ஓராண்டு கடந்துவிட்டது. வாரியத்திலிருந்து இன்னும் விடை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தோழர் தாமே அழைக்கிறாராம்.